ஈரத் துவாய்

மணப்பெண்ணின் கன்னத்தில் ஃபவுண்டேஷனைத் துளியாக வைத்து ஈர ஸ்பொஞ்சால் ஒற்றினேன். நனைந்த பவுடர் வாசம் எழுந்தது. மாத்தளை டவுனில் என் சலூனுக்குள் தினமும் வருகிற வாசம்தான். இருந்தாலும் அது என்னைச் சித்தியின் கல்யாணக் காலைக்குக் கொண்டுபோய்விடும்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வரிசையில், எங்கள் காம்பரா அறையில் சித்தியை உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய அத்தைமார் ஒவ்வொருவராக வந்து, பவுடர் டின்னைத் திறந்து, அவள் முகத்தில் தங்கள் பங்குக்குப் பூசினார்கள். மிச்சத்தைத் தங்கள் முகத்திலும் அப்பிக்கொண்டார்கள். பூசாமல் போனால் மரியாதை இல்லையாம். போட்டோக்காரர் வருவதற்குள் சித்தியின் முகம் கோதுமை மாவாகிவிட்டது. கழுத்து மட்டும் அவள் நிறத்தில் இருந்தது.

சித்தி கண்ணாடியைப் பார்த்தாள். அழவில்லை. துவாயை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் முகமெங்கும் ஒற்றி எடுத்தாள். மாவு அடங்கி, கன்னத்து மச்சம் வெளியே வந்தது.

“என்னடி இது, எல்லாம் கலைஞ்சிருச்சே!” என்றாள் மூத்த அத்தை.

“கலையல அத்தை. இப்பதான் என் மூஞ்சி தெரியுது. படம் எடுக்கச் சொல்லுங்க.”

அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பின்னால் நிற்கிற அத்தைமாரில் யார் யாரென்று இன்றுவரை எங்களால் சொல்ல முடியவில்லை. சித்தி மட்டும் சித்தியாகவே இருக்கிறாள்.

“இன்னுங் கொஞ்சம் போடுங்க மிஸ், புள்ள வெள்ளையா தெரியட்டும்” என்றார் மணப்பெண்ணின் அம்மா.

ஸ்பொஞ்சைக் கீழே வைத்தேன்.

“போதும்ங்க. நாளைக்கு ஆல்பத்துல உங்க மகளை நீங்க தேடக் கூடாது.”