பாதியில் நிறுத்திய பகல் வார்டு

என் தங்கை சாப்பிடாமல் இருந்ததை எங்கள் வீட்டில் முதலில் பக்தி என்றுதான் நினைத்தோம்.

நாங்கள் பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். மட்டாஞ்சேரி பஜாரில் அத்தாவுக்குப் பூண்டும் மல்லியும் மொத்தமாக விற்கும் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எழுபதுகளின் பிற்பாதி அது. தங்கைக்குப் பதினாறு வயது. ரமலானில் முப்பது நோன்பும் பிடித்தாள். பெருநாள் கழிந்ததும் ஆறு நோன்பு. அதற்குப் பிறகு திங்களும் வியாழனும். அம்மா அடுத்த வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். "எஞ் சின்னவளப் பாருங்க, யாரும் சொல்லாமயே நோன்பு வைக்கிறா." அவளைவிட ஆறு வயது மூத்த எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திங்களும் வியாழனும் மெல்ல எல்லா நாளும் ஆயிற்று. நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், அரை டம்ளர் தண்ணீர். "வயிறு நெறஞ்சிருச்சும்மா" என்று எழுந்துவிடுவாள். அதிகாலையில் அவளுக்கென்று வைத்த சோறு பின்கட்டுக் கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது வெகுநாள் எங்களுக்குத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவள் நான். வீட்டில் எல்லோருக்கும் தைப்பது நான்தான். அடுத்த பெருநாளுக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது அவள் முதுகெலும்பு கணுக்கணுவாக விரலில் தட்டியது. "என்னடி இது?" என்றேன். "வளர்ற வயசுல்லக்கா" என்றாள். பழைய அளவில் பாதியை வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

பிறகு மாதவிலக்கு நின்றது. காசநோயோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். தங்ஙள் என்று அழைக்கும் மதப் பெரியவரிடம் ஓதிய தண்ணீர் வாங்கி வந்தார்கள். வைத்தியர் கொடுத்த லேகியத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து சாக்கடையில் துப்பினாள். ஒருநாள் கடை வாசலிலேயே மயங்கி விழுந்தபோது, பக்கத்துத் தெரு டாக்டர் எறணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மனநோய் பார்க்கும் டாக்டரம்மா என்று தெரிந்ததும் அத்தா சீட்டைக் கசக்கினார். "எம் மகளுக்கென்ன பைத்தியமா?" அம்மா அதை எடுத்து நீவி வைத்தாள். அம்மா அத்தாவை எதிர்த்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டரம்மா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எங்களிடம் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினார். "இது பிடிவாதம் அல்ல. பக்தியும் அல்ல. சுகக்கேடு. அவளுக்குத் தின்னப் பேடி, பயம். நெருப்பைத் தொடச் சொன்னா நீங்க தொடுவீங்களா? அவளுக்குச் சோறு அதுபோல." ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் ட்ரிப் ஏற்றிக் கொஞ்சம் தேற்றலாம், வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆகும் என்றார். அதனால் காலையில் வந்து மாலையில் போக வேண்டும். பகல் முழுக்க அங்கேயே சாப்பாடு. வீட்டு ஆள் ஒருவர் கூட உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். ஆறு மாதமாவது.

அந்த வீட்டு ஆள் நானானேன்.

தினமும் எட்டு மணிக்கு மட்டாஞ்சேரி படகுத்துறையில் எறணாகுளம் படகு ஏறுவோம். ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு நீளமான ஹால். அதைப் பகல் வார்டு என்றார்கள். பத்து மணிக்குப் பாலும் பழமும். மதியம் சோறும் மீன்கறியும். நாலு மணிக்குச் சாயாவும் ஏதாவது பலகாரமும். சாப்பிட்டு முடித்தால் ஒரு மணி நேரம் யாரும் எழுந்து குளியலறைக்குப் போகக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் தங்கை அழுவாள், அல்லது தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். வயதான நர்ஸ் ஒருத்தி அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். "மோளே, ஒண்ணுமில்ல. இப்போ மாறும், இப்போ மாறும்."

அதே நோய்க்கு அங்கே வந்தவள் இன்னும் ஒருத்திதான். களமசேரிக்காரி, கல்லூரியில் படித்தவள். அவளோடு அவள் அம்மா வருவார். முதல் வாரம் என் தங்கை ஒரு கவளம் சோற்றை முக்கால் மணி நேரம் பிசைந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "வாயத் தொறந்து போட்டுக்கயேன்டி, எத்தன நேரம்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நானும் இதே பறஞ்சதாணு, அடிச்சிட்டும் உண்டு. பலனில்ல குட்டி. நீ வேற கத சொல்லு" என்றார். அதன்பிறகு சாப்பிடும்போது நான் கடைக்கு வரும் ஆட்களைப் பற்றிப் பேசினேன். விலை கேட்டே வாங்காமல் போகும் ஒருவரை நடித்துக் காட்டியபோது தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வாய் விழுங்கினாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

ஐந்தாவது வாரத்தில் ரமலான் வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, சுகமான பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் உஸ்தாதே அத்தாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு நோயில்லையே. நான் எப்படி அவளோடு உட்கார்ந்து தின்பேன்? முதல் நாள் மதியம் தட்டு வந்ததும் தங்கை கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா நோன்பு. நான் மட்டும் திங்கணுமா? மாட்டேன்." களமசேரி அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தன் மகள், இன்னொரு பக்கம் என் தங்கை. "இந்த மாசம் எனக்கு ரெண்டு மக்கள்" என்றார். அந்த மாதம் முழுக்க, எங்கள் ஜாதியோ மதமோ இல்லாத அந்தப் பெண்மணிதான் என் தங்கையைச் சாப்பிட வைத்தார்.

அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஒருநாள் படகில் அவளாகவே, "அக்கா, இன்னிக்கி மீன்கறி நல்லாருந்துச்சுல்ல" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. எனக்கு இருபத்து மூன்று முடியப்போகிறது. எங்கள் ஆட்களிடையே அது பிந்திப்போன வயது. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இந்த இடம் கூடிவரும் போலிருந்தபோது மாப்பிள்ளையின் சின்னம்மா ஒருத்தி, பள்ளுருத்தியில் இருப்பவள், எங்களை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டாள். அந்த வாரமே ஆள் மூலம் கேள்வி வந்தது: பெண்வீட்டில் யாருக்காவது தலைக்குச் சுகமில்லையா?

அத்தா யோசித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. இதை நான் தெளிவாக எழுதியாக வேண்டும். பல வருஷம் அத்தா நிறுத்திவிட்டார் என்றே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். சொன்னது நான். கடையில் தனியாக இருந்தவரிடம் போய், "இப்ப தேறிட்டா அத்தா. கல்யாணம் முடியிற வரைக்கும் நிறுத்தி வைப்போம். வீட்லயே நான் பாத்துக்கிறேன்" என்றேன். அத்தா என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

மறுநாள் நாங்கள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டிலே நான் பார்த்துக்கொண்டது இரண்டு மாதம். கல்யாணச் சட்டைகளைத் தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டேன். நான் கோயம்புத்தூர் போனேன். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோது கதவைத் திறந்தவள் யாரோ கிழவி என்று ஒரு நொடி நினைத்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நானே அவளை எறணாகுளம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா வேலையை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார். ஹாலில் பிரசவ வார்டுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். தங்கையைப் பொது வார்டில் படுக்கவைத்து ட்ரிப் ஏற்றினார்கள். பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆனாள். இப்படி மூன்று தடவை.

எண்பதுகளின் நடுவில் எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் களமசேரி அம்மாவைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டார். மகள் பள்ளிக்கூட ஆசிரியை ஆகிவிட்டாள், ஒரு குழந்தையும் இருக்கிறது என்றார். "முழுசா சுகமாயிட்டில்ல. இப்பவும் சில சமயம் தட்டைப் பாத்துப் பயப்படும். ஆனாலும் சாப்பிடும்." பிறகு கேட்டார்: "அன்னிக்கு என்ன ஆச்சு? நாலு நாள் உங்களுக்காகக் காத்திருந்தோம். உன் தங்கச்சி வராமல் நாங்க தொடங்கல. சோறு ஆறிப்போகும்." நான் கல்யாணம் என்றேன். "ஓ, கல்யாணம்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கைக்கு இருபத்தேழு வயதில், நின்ற இடத்தில் தடுமாறி விழுந்ததிலேயே இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு எழுபது வயசுக்காரி எலும்பு போலிருக்கிறது என்றார் டாக்டர். படுக்கையில் கிடந்தவளுக்குத் தலைவாரிவிடும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு அத்தாகிட்ட நிறுத்தச் சொன்னது நான்தான்டி" என்றேன்.

"தெரியும். கடையில பூண்டு மூட்டைக்குப் பின்னாடிதான் நின்னேன்."

"ஒரு வார்த்த கேக்கலியே நீ."

"எதுக்குக் கேக்கணும்? அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்க்கா. இனிமே யாரும் திங்கச் சொல்ல மாட்டாங்கன்னு." நான் ஒரு சிக்கை எடுத்தேன். "நான் சந்தோஷப்பட்டேன். அதனால உம்மேல கோவமே வரல. இப்பத்தான், இந்தக் கட்டில்ல கெடக்கிறப்பத்தான் கொஞ்சம் வருது."

வரட்டும் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பாதி வாரிய முடியைப் பின்னி முடித்தேன்.