சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு சாண்

பெரியப்பா மகளைச் சின்ன வயதில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. என்னைவிட ஒரு வயது பெரியவள், அவ்வளவுதான். ஆனால் மாதா திருவிழா வந்தால் சப்பரம் ஏறுவது பெரியப்பாவின் பழைய லாரியில். சம்மனசு என்கிற தேவதூதர் வேஷத்தில், முதுகில் ஜிகினா இறக்கையோடு, கேபினில் உட்கார்ந்து ராயபுரத்துக்கே கையாட்டுவது அவள். நானோ லாரிக்கு முன்னால் நைனாவோடு பொடிநடை. நீள மூங்கில் கொம்பால் குறுக்கே வரும் கரண்டு ஒயரைத் தூக்கிவிட்டுச் சப்பரத்துக்கு வழிவிடுவது நைனாவின் வேலை. வருஷா வருஷம் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் பட்டறையில்தான் அந்தக் கொம்பு கிடக்கும். அதில் ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு உண்டு. கோயில் வாசலில் இருக்கும் சிமென்ட் வளைவின் உயரம் அது. ஒயரைத் தூக்கலாம், வளைவைத் தூக்க முடியுமா? லாரியும் சப்பரமும் சேர்ந்து அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். நாலு விரல் இடைவெளியில் மாதாவின் கிரீடம் தப்பிப் போகும்.

எனக்குப் பத்து வயதான வருஷம், மழையில் எண்ணூர் சாலைப் பள்ளத்தில் லாரி இரண்டு தரம் மாட்டிக்கொண்டது. நைனாவுக்குத் திருவொற்றியூரில் கமான் பட்டை கட்டுகிற பட்டறை. லாரியின் எடையைத் தாங்குகிற அந்த வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரியப்பா லாரியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“தம்பி, டயரும் பெர்சா போட்டு வண்டியத் தூக்கிக் குடுரா. பள்ளத்துல வுழுந்து வுழுந்து பேஜாராப் பூட்சு.”

நைனா இரண்டு டயர்களை உருட்டிவந்து பக்கம் பக்கமாக நிறுத்தினார். ஒன்று பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. இன்னொன்று என் மார்பளவு. சின்னதைத் தட்டினார்.

“இது போதும்ணா. பட்டையில ஒண்ணு சேத்துக்கலாம். ரொம்பத் தூக்குனா லோடு ஏத்தினு திரும்பச் சொல்லோ ஆடும்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? “பெரியப்பா, இந்த வருஷம் நானும் கேபின்ல குந்திக்கட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “உனுக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? நீ உங்க நைனா கூட கொம்பு தூக்கினு நட. ஆளுக்கு ஒரு வேல கீதுல்ல?”

எனக்கு அழுகை முட்டியது. பெரியப்பா டீ குடிக்கப் போனதும் நைனா மூங்கில் கொம்பை எடுத்து லாரி ஓரம் நிமிர்த்தி அளந்தார். பெரிய டயரை ஒரு தரம் சாண் போட்டுப் பார்த்தார். பிறகு கொம்பைத் தரையில் கிடத்தி, சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அண்ணன் வண்டி என்றால் எத்தனை கவனம் பார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெரியப்பா திரும்பியதும் நைனா பெரிய டயரைக் காட்டினார்.

“செய்யறதே செய்யறோம், பெர்சாவே போட்டுர்லாம்ணா.”

பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். லாரி எழுந்து நின்றபோது அவர் மகள் கேபினில் ஏற ஸ்டூல் வேண்டியிருந்தது. அந்த ஸ்டூலுக்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

சப்பரத்தைத் திருவிழா அன்றுதான் லாரியில் ஏற்றுவார்கள். ஏற்றி, வேட்டு வெடித்து, லாரி நகர்ந்து வளைவுக்கு வந்தது. நின்றது. கிரீடம் சிமென்டில் இடித்தது. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள், போதவில்லை. “மாதாவ எறக்குங்கப்பா!” என்று கோயில் உபதேசியார் கத்தினார்.

நைனாவின் மினி லாரி வெளியே நின்றிருந்தது. என்றைக்கும் கிரீஸும் துருவுமாகக் கிடக்கிற வண்டி, அன்று அதிசயமாகக் கழுவித் துடைத்திருந்தது. சப்பரம் அதற்கு மாறியது. கேபினில் நான்! வாசலில் இறக்கையோடு பெரியப்பா மகள் தேம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமே இல்லாத சந்தோஷம்.

ஒயர் தூக்க ஆள் வேண்டுமே? பெரியப்பா யாரையும் கேட்காமல் போய், தரையில் கிடந்த கொம்பை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். சாக்பீஸ் கோட்டைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து எங்கள் வண்டியையே பார்த்தார். நைனா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, நான் சம்மனசு மாதிரி கையாட்டினேன்.