மஞ்சா ஆட்டம்

அந்தக் காலத்து ஆட்டக்காரன் பெரியவனா, இந்தக் காலத்து ஆட்டக்காரன் பெரியவனா என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பையன்கள் இரண்டு பேருக்கு இந்தச் சண்டை இல்லாமல் மத்தியானச் சோறு இறங்காது. அமெரிக்காவில் எவனோ பந்து போட, இங்கே பினாங்கு ஜார்ஜ் டவுனில் இவர்களுடைய தட்டு ஆறிப்போகும். போன வாரம் ஒருவன், "நீங்க சொல்லுங்கக்கா, உங்களுக்குத்தான் பாஸ்கட்போல் தெரியுமே" என்று என்னையும் இழுத்தான். தெரியும். தெரிந்ததால்தான் வயிறு எரிகிறது. என் வலது மணிக்கட்டு ஓர் அளவுக்கு மேல் மடங்காது. சப்பாத்தி மாவு பிசைந்தால்கூட இரண்டு நாள் வலிக்கும். இதற்குக் காரணம் நீங்கள் போடுகிற இந்தச் சண்டைதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டேன்.

அப்போது எங்கள் வீடு சுங்கை பினாங்கில், அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாவது மாடியில் இருந்தது. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற ஆட்டம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். மற்ற வீடுகளில் சாமிப் பாட்டு கேட்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் விசில் சத்தம் கேட்கும். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். அவர் அக்கரையில், கெப்பாலா பத்தாஸில், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆட்டம் பார்ப்பதற்காகவே கடல் பாலம் தாண்டி வருவார். அப்பா எப்போதும் நாற்காலியில்தான் உட்காருவார். மாமா தரையில் காலை நீட்டிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருப்பேன். அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, இதில் எவன் வந்து நமக்கு அரிசி வாங்கித் தரப்போகிறான் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அப்பா இளவயதில் தொழிற்சாலை அணிக்காக ஆடியவர். அவருக்கு ஒரு தெய்வம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்ட ஒரு நெடிய ஆட்டக்காரர். அலமாரிக் கதவின் உட்பக்கம் அவர் படம் ஒட்டியிருக்கும். அப்பா அவரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார், தலைவர் என்பார். மாமாவின் ஆள் அந்த வருடங்களில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஒல்லிப் பிள்ளை. பாதித் திடலிலிருந்தே பந்தை எறிவான், அது வளையத்தில் போய் விழும். அவனுக்கு எங்கள் வீட்டில் பொடியன் என்று பெயர்.

சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை. அந்தக் காலத்தில் வளையத்துக்குக் கீழே போனவன் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திரும்புவான், இன்றைக்குச் சட்டையைத் தொட்டாலே விசில் ஊதிவிடுகிறார்கள் என்பார் அப்பா. பொடியன் ஓடுகிற ஓட்டத்துக்குத் தலைவர் மூச்சு வாங்கியே செத்துப்போவார், மூன்று பாயிண்டு தூரத்திலிருந்து போடத் தெரியாதவரை இன்றைக்கு எந்த அணியில் எடுப்பார்கள் என்பார் மாமா. பந்தைத் தட்டாமலே நாலு எட்டு நடக்கிறான் பார், இது பந்தாட்டமா பஸ் பிடிக்கிற ஓட்டமா என்று அப்பா திருப்பிக் கேட்பார். இதெல்லாம் சிரிப்போடு நடக்கும். கடைசி ரொட்டிக்கு இரண்டு பேரும் கை நீட்டுவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவின் குரல் மாறும். இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு லேசாகக் கால் வலித்தாலே டாக்டர் உட்கார வைத்துவிடுகிறார். கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் காட்டினால் அப்பாவுக்கு முகம் சிவந்துவிடும். மஞ்சா, எல்லாம் மஞ்சா என்பார். உடம்பு கெட்டால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று மாமா கேட்பார். அப்போது மட்டும் மாமாவும் சிரிக்கமாட்டார். அப்பா டிவியை அடைத்துவிடுவார். அம்மா வந்து தம்பியை முறைத்து, போதும் என்பாள்.

மஞ்சா என்கிற அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மலாய்ச் சொல். செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை, தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிற பிள்ளை என்று அர்த்தம். எனக்கு ஏழு வயதில் அது தெரியாது. பொடியனின் அணிக்கு மஞ்சள் சட்டை. நம் பேச்சில் மஞ்சளும் மஞ்சாதானே. மஞ்சள் நிறத்தைத்தான் அப்பாவுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டி, அந்தத் தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் பாவாடையைப் போடமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். விஷயம் தெரிந்ததும் வீடே சிரித்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தார். என் பிள்ளை மஞ்சா இல்லை என்று முதல் முதலாகச் சொன்னதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நான் விழுந்தாலும் அழுததில்லை. ஊசி போட்டாலும் அழுததில்லை. அப்பா என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. மற்ற அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தைப்பூசத்துக்கு நடப்பார்கள், நான் நடந்தேதான் போவேன். அவர்களெல்லாம் மஞ்சாப் பிள்ளைகள் என்று எனக்கு ஒரே கர்வம்.

அடுக்குமாடிக்குக் கீழே சிமெண்டுத் திடல் ஒன்று இருந்தது. கீழ் வீட்டுச் சீன ஆண்ட்டி ஒருவர் பிள்ளைகளைச் சேர்த்து அங்கே பந்து பழக்குவார். என் தமிழ்ப்பள்ளியில் கூடைப்பந்தே கிடையாது. ஆனால் அடுத்த வருடம் நான் போகக்கூடிய இடைநிலைப் பள்ளிகளில் ஒன்றில் பெண்கள் அணி நன்றாக இருந்தது. ஜனவரியில் அணித் தேர்வு, நானே உன்னைக் கூட்டிப்போய் நிறுத்துகிறேன் என்று ஆண்ட்டி சொல்லியிருந்தார். பன்னிரண்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரு ரகசியமும் இருந்தது. அப்பா இல்லாத நேரங்களில் நான் பொடியனைப் போலத் தூரத்திலிருந்து எறிந்து பழகினேன். பத்துக்கு ஆறு விழும். அப்பா வந்துவிட்டால் வளையத்துக்குக் கீழே முட்டி மோதுவேன்.

டிசம்பர் விடுமுறையில் பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளோடு ஓர் ஆட்டம் வைத்தார்கள். அப்பா திடலின் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்து என் கைக்கு வந்தபோது முன்னால் யாரும் இல்லை, எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அப்பா பார்க்கிறாரே என்று உள்ளே பாய்ந்தேன். என்னைவிட ஒரு தலை உயரமான பிள்ளை மேலே வந்து மோதினாள். உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குள்ளே டக்கென்று ஏதோ கேட்டது. ஆண்ட்டி ஓடி வந்து, வெளியே உட்காருகிறாயா என்று கேட்டார். நான் ஆண்ட்டியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன்.

"தஹான் பண்ணு பாப்பா" என்றார் அப்பா.

பொறுத்துக்கொள் என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல் அது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்வது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார். நான் ஒன்றும் இல்லை ஆண்ட்டி என்று எழுந்து நின்றேன். மிச்ச ஆட்டம் முழுவதும் இடது கையால் பந்தைத் தட்டினேன். ஒரு பாயிண்டில் தோற்றோம். அதை யார் நினைத்தார்கள்? அப்பா என்னைக் கடைக்குக் கடை கூட்டிப்போனார். ஒற்றைக் கையில் ஆடினாள் என்று கோப்பிக் கடைக்காரரிடம் சொன்னார், லாட்டரிச் சீட்டு விற்பவரிடமும் சொன்னார். எனக்குப் பெரிய கிண்ணத்தில் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். இடது கையால் சாப்பிட்டேன். என் பிள்ளைப்பிராயத்தில் அதைவிடச் சந்தோஷமான நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

அன்று சாயங்காலமே கை உப்பிவிட்டது. சுளுக்கு என்றார் அப்பா. அந்தக் காலத்தில் விரல் உடைந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள் என்றார். அம்மா மஞ்சளைக் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டாள். கிளினிக்குக்குப் போவோமே என்று இரண்டு தடவை கேட்டாள். வலிக்கிறதா என்று அப்பா என்னைக் கேட்டார், இல்லை என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் வந்த ஒரு இல்லையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் இரண்டு பேர் மூன்று நாள் சும்மா இருந்தார்கள். அம்மா மூன்றாவது தடவையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் கணக்கில் அவளும் இருக்கிறாள்.

நாலாவது நாள் மாமா வந்தார். கையைப் பார்த்தார், ஒரு விரலால் தொட்டார். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் கண்ணிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டியது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா பின்னாலேயே வந்து காரில் ஏறிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மணிக்கட்டில் முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறதாம். அது உடைந்தால் லேசில் ஒட்டாதாம், உடனே வந்திருந்தால் நல்லது என்றார் டாக்டர். மாவுக்கட்டுப் போட்டு, வலிக்கு மருந்து கொடுத்தார்கள். வெளியே நடையில் வைத்து மாமா அப்பாவிடம் சொன்னார்:

"உங்க முட்டி போனது பத்தலையா மச்சான்? இவ கையும் வேணுமா?"

அப்பா சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொடியன் கட்சிக்காரர் வேறு எப்படிப் பேசுவார் என்று நினைத்தேன். முட்டி என்றது ஏதோ ஒரு வசவு என்று எடுத்துக்கொண்டேன்.

அது வசவில்லை என்று அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு இருபது வயது. தொழிற்சாலை அணியின் இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் அப்பாவின் வலது முட்டியில் அடி. மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாது என்றாராம் டாக்டர். அப்பா துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார். தோளில் தூக்கிக் கொண்டாடினார்களாம். அதோடு முட்டி போய்விட்டது. அதற்குப் பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் நாற்காலி கேட்டது, கோயிலில் எல்லாரும் உட்கார்ந்திருக்க இவர் மட்டும் பின்னால் கை கட்டி நின்றது, எல்லாம் அதனால்தான். நான் அதை மிடுக்கு என்று நினைத்திருந்தேன். லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில் அவர் மேலே வரவே மாட்டார். கோப்பிக் கடையில் பேச ஆள் இருக்கிறது என்று சொல்லி, அது சரியாகும்வரை கீழேயே உட்கார்ந்திருப்பார். ஊர்ப்பேச்சில் மயங்குகிற மனுஷன் என்று அம்மாகூட எங்கள் முன்னால் திட்டுவாள். தெரிந்துகொண்டே திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் அப்பாவும் பந்தாட்டத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று அத்தனை வருடம் நான் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தவன் புத்திசாலி என்று ஒப்புக்கொண்டால் இவருடைய முட்டிக்கு என்ன அர்த்தம்? அதனால் அத்தனை பேரும் மஞ்சா. எனக்குப் புரிகிறது. புரிந்தால் கோபம் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது? தன் முட்டிக்கு நியாயம் கற்பிக்க என் கைதான் கிடைத்ததா? ஜனவரித் தேர்வு மாவுக்கட்டோடு போனது. எலும்பு கோணலாக ஒட்டியது. பந்து எறிய மணிக்கட்டு பின்னால் மடங்க வேண்டும், அது மடங்கவில்லை. இப்போதும் அப்பா கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்து டிவியைத் திட்டுகிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த மத்தியானத்தைத்தான். கீழே வந்து இறங்கினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மருந்தின் மயக்கத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஏழு வயதிலிருந்து கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"தூக்குங்கப்பா."

அப்பா படிக்கட்டை ஒரு தடவை மேல்வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மஞ்சா பண்ணாத. நட" என்றார்.

மாமா குனிந்து என்னைத் தூக்கினார். நான் காலை உதறி, அவர் நெஞ்சில் மாவுக்கட்டால் இடித்து இறங்கிவிட்டேன். பிறகு நானே ஏறினேன். சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்து ஐந்து மாடியும் ஏறினேன். அப்பா அன்றைக்குக் கோப்பிக் கடைக்குப் போகவில்லை, எனக்குப் பின்னாலேயே ஏறி வந்தார். மேலே போய்க் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் இரண்டாவது மாடியில்தான் இருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இடது காலை வைத்து, வலது காலையும் அதே படிக்கு இழுத்து வைத்து, நின்று, அடுத்த படி. சட்டை நனைந்திருந்தது.

நான் ஜெயிக்க வேண்டும் என்று அப்பா வேண்டுமென்றே மெதுவாக வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "நான்தான் முதல்ல" என்று மேலேயிருந்து கத்தினேன்.