ஏறாத மின்னோட்டம்

துருவத்து வானில் பச்சையாக ஆடும் ஒளியை நான் நேரில் பார்த்ததே இல்லை. வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஆறு வருடமாக அதற்குக் கணக்குப் போட்டேன். பூமியின் காந்த மண்டலத்திலிருந்து மின்னோட்டம் காந்தக் கோடுகள் வழியே மேல் வளிமண்டலத்துக்கு இறங்குகிறது. அங்கே பக்கவாட்டில் ஓடி, வேறோர் இடத்தில் மேலே போய்விடுகிறது. இறங்கியது முழுக்க ஏறியாக வேண்டும். இரண்டு துருவங்களையும் சேர்த்து இதைக் கணினியில் மாதிரியாகச் செய்வதுதான் என் பிஎச்டி.

அம்மாவுக்கு அதில் ‘இறங்கியது ஏறவேண்டும்’ என்ற ஒரு வரி மட்டும் புரிந்திருந்தது. கீழ்பென்னாத்தூர் நிலத்தை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, எனக்குச் சமைத்துப்போட வந்திருந்தாள். தினமும் சோறு போடும்போது கேட்பாள்: “இன்னாடி, எறங்குன கரண்ட்டு ஏறிச்சா?” ஏறியதும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஏறாமல் மிச்சம் நின்றால், அதை, கணினியில் வானத்தைப் பிரித்துவைத்திருக்கும் எல்லாக் கட்டங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கழிப்போம். எங்கள் வேலையில் இது வழக்கம்தான், மிச்சம் சிறிதாக இருக்கும்வரை. நான் அதைத் தானாகக் கழிக்கும்படி எழுதிவைத்துவிட்டு, எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

ஒரு சித்திரை மாதக் காலையில் கணினியில் கடைசி ஓட்டம் முடிந்தது. “ஏறிடுச்சும்மா” என்றேன். காபிகூடக் குடிக்காமல் மலை சுற்றக் கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு, ஆய்வேட்டில் சேர்க்க அந்த மிச்சத்தை முதல்முறையாக எடுத்துப் பார்த்தேன். ஓடிய மின்னோட்டத்தில் பாதி இருந்தது. காரணம் தெரிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காந்தக் கோடுகள் வடக்கே பூமிக்குள் இறங்கும், தெற்கே வெளியே வரும். கோட்டின் திசையில் ஓடும் மின்னோட்டம் வடக்கே இறக்கம் என்றால் தெற்கே ஏற்றம். நான் இரண்டையும் இறக்கம் என்றே எழுதியிருந்தேன். ஒரே ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது. என்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

“திரும்ப ஓட்ட எவ்ளோ நாளாகும்?”

“எட்டு மாசம் சார்.”

“தீஸிஸ் குடுக்க அடுத்த வாரத்துக்கு மேல டைம் கெடைக்காதும்மா. ஏற்கெனவே ரெண்டு தடவ நீட்டியாச்சு. தப்புன்னு தெரிஞ்சப்புறம் நான் எப்டி கையெழுத்து போடறது?”

அவரும் ஆறு வருடமாக அந்தக் குறியைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

நண்பகலில் அம்மா வந்தாள். தார் ரோட்டில் நடந்து இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன. என் நெற்றியில் விபூதி பூசினாள். நான் அவள் காலில் தண்ணீர் ஊற்றினேன்.

“முழுக்க ஏறிடுச்சுல்ல?”

“ஏறிடுச்சும்மா.”

“அப்போ நாளைக்கு ஊருக்குப் போறேன். கடலக்காயப் பிடுங்கணும்.”

மறுநாள் நொண்டிக்கொண்டே பஸ் ஏறினாள். அதன் பிறகு எத்தனையோ தடவை போனில் பேசியிருக்கிறோம். சாப்பிட்டாயா என்பாள், வேலை கிடைத்ததா என்பாள். கரண்ட்டைப் பற்றி மட்டும் அவள் கேட்டதே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது.