படகில் ஒரு பந்தி

அவனியாபுரத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நான், அணையில் மோட்டார் போட் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது, காற்று வாங்கிக்கொண்டே சம்பளமும் வாங்கப் போகிறான் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். அந்தக் காற்றுதான் என்னை ஒருநாளும் நிம்மதியாக இருக்க விடவில்லை. ஆடி மாதத்தில் மதியத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து அடிக்கும். வேகத்தைக் குறைத்தால் போட்டைக் குறுக்கே திருப்பிவிடும். சவாரிக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு செல்ஃபி எடுப்பார்கள்.

ஓர் ஆடிப்பெருக்கு அன்று சிம்மக்கல்லிலிருந்து ஒரு சௌராஷ்டிரக் குடும்பம் வேனில் வந்து இறங்கியது. அணைப் பூங்காவில் ஆளுக்கொரு மூலையில் திரிந்தார்கள். புளியோதரைத் தூக்கைத் திறந்த ஓர் அக்கா, அவர்கள் வீட்டுப் பாஷையில் ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான், அத்தனை பேரும் புல்லில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

சாப்பிட்டதும் போட்டுக்கு வந்தார்கள். நான் சூப்பர்வைசரிடம் போனேன்.

"காத்து ஏறுதுண்ணே. இந்த ட்ரிப் வேணாம்."

"எம்புட்டுக் கூட்டம் நிக்குது பாரு. ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துரு மாப்ள."

லைஃப் ஜாக்கெட்டை நானே ஒவ்வொருவருக்கும் இறுக்கிக் கட்டினேன். கரையை விட்டு நகர்ந்ததும், போட்டோவில் பட்டுப்புடவை தெரியவில்லை என்று பாதிப் பேர் கழற்றிவிட்டார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நடு அணையில் ஒருவர் ஒளித்துக் கொண்டுவந்த பொரிப் பையைப் பிரித்தார். தெப்பக்குளத்துப் படியில் நின்று மீனுக்குப் போட்டுப் பழகிய கை. காற்றில் பை முழுதாகத் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் கூட்டமாக மேலே வந்தன. பார்க்கிற ஆசையில் எல்லோரும் இடப்பக்கம் ஓட, போட் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"உக்காருங்க! உக்காருங்க!"

நான் கத்தியதும், என்ன ஆயிற்று என்று பார்க்க உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். பயத்தில் கூட்டம் வலப்பக்கம் பாய்ந்தது. போட் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்னொரு தடவை ஓடினால் கவிழ்ந்துவிடும். கழற்றிய ஜாக்கெட்டுகள் காலடியில் கிடந்தன.

அந்த அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அக்கா! சாப்பிடக் கூப்பிட்டீங்கள்ல, அதே மாதிரி கூப்பிடுங்க!"

ஒரு நொடி விழித்தார். பிறகு பூங்காவில் கொடுத்த அதே குரலைக் கொடுத்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். போட் இரண்டு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. முகப்பைக் காற்றுக்கு நேரே திருப்பி, வேகம் குறையாமல் கரை சேர்த்தேன்.

அக்கா கடைசியாக இறங்கினார். "நல்லவேளை தம்பி, எலை எங்கன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாக போட் ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளம்பும் முன்பே, யார் குரலுக்கு அந்தக் கூட்டம் உட்காருகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அவரை உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

நான் வேலையிலிருந்து நின்றாகிவிட்டது. இன்றும் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வரிசை மொத்தமும் ஒன்றாக எழும்போது, என் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது.