முதல் டம்ளர்

என் அண்ணிக்கு எங்கள் பகுதியில் ‘முதல் டம்ளர்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவன் இப்போது என் அண்ணன் ஒருவன்தான், அதுவும் கோபம் வந்தால். நாத்தனார் என்றாலே குற்றம் சொல்லப் பிறந்தவள் என்பார்கள். நானும் அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பட்டப்பெயரை யாராவது இளக்காரமாகச் சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான்.

ஏரி வறண்டு, ஆழ்துளைக் கிணறுகளில் வெறும் காற்று வர ஆரம்பித்த பிறகு லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைத்தோம். லாரி வந்தால் தெருவில் சண்டை, வராவிட்டால் வீட்டுக்குள் சண்டை. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாலும் என் காது தெருவிலேயே இருக்கும். அப்புறம் அந்த நிலையம் வந்தது. நாங்கள் குளித்தது, கழுவியது, கக்கூஸில் போனது எல்லாம் ஒரு பக்கமாக உள்ளே போகும். மறுபக்கம் குடிநீராக வெளியே வரும். கேட்டதும் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டது. “நம்ம சாக்கடைய நாமளே குடிக்கணுமாம்” என்று சிரித்தவர்களில் நானும் உண்டு.

திறப்பு விழாவில் அதிகாரிகள் கேமராவைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு ரிட்டயர்டான பஸ் டிரைவர், “இன்னிக்குக் குடிச்சிட்டு கார் ஏறிப் போயிடுவீங்க. நாளைக்கு யாரு குடிப்பா?” என்று கத்தினார். வடிகட்டிப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அண்ணி பின்வரிசையிலிருந்து, “நான் குடிக்கிறேன்” என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. காலையில் நிலையத்தின் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் அண்ணி ஒரு டம்ளர் பிடித்து எல்லோர் எதிரிலும் குடிப்பாள். அதற்கப்புறம்தான் வீடுகளுக்குப் போகும் வால்வைத் திறப்பாள். டிரைவர் தவறாமல் வந்து நின்று, அவள் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் அதே குழாயில் குடத்தை நீட்டுவார். ஆய்வகம் தினமும் சோதித்துப் பலகையில் எழுதிப்போடுவதை ஒரு ஈ காக்கைகூடப் படித்ததில்லை. எண்களுக்குத் தொண்டை இல்லையே.

கேட்டருகே தைரியமாக நிற்கிறவள் வீட்டுக்கு வந்தால் தொடை நடுங்கி. பக்கத்துத் தெருவில் யாருக்காவது வயிற்றுவலி என்று காதில் விழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். “ஒரே ஒரு நாள் தப்பாப் போனா போதும், எல்லாரும் திரும்ப லாரிக்குப் போயிடுவாங்க. ஆனா லாரிக்காரனுக்குத் தண்ணி எங்க இருக்கு, சொல்லு?” என்பாள். “உங்களுக்குப் பயப்பட வேற வேலையே இல்லையா அண்ணி?” என்று கிண்டல் செய்வேன்.

அந்த ஒரு நாள் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகக் குளியலறையில் அண்ணி குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள். வயிறும் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“ஃபிரிட்ஜ்ல கெடந்த பழசை எல்லாம் வழிச்சுத் தின்னீங்களே, அதான்” என்றேன். உண்மையில் எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணிக்கு எதையும் குப்பையில் போட மனசு வராது. எங்களைத் தொட விடமாட்டாள். கெட்டுப்போகிற நிலையில் இருப்பதையெல்லாம் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். ஊர்ச் சாக்கடையையே வீணாக்காதவளுக்கு ஒரு கரண்டி சாப்பாட்டைக் கொட்ட மட்டும் கை வருமா?

“அதாத்தான் இருக்கும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நேத்து மத்தியானம்தான் மெம்பிரேன் மாத்தினோம். கிருமியெல்லாம் அதுலதான் நிக்கும். அதோட ஜாயின்ட்டை நான்தான் முடுக்கினேன். சரியாத்தான் முடுக்கினேன். நெனைக்கிறேன்” என்றாள்.

அண்ணன், “லீவு போடு, வேற யாராவது குடிக்கட்டும்” என்றான்.

“நான் எங்கன்னு கேப்பாங்களே. நான் போய்க் குடிச்சு, அங்கேயே வாந்தியெடுத்தா?” என்று அவள் கையைப் பிசைந்தாள். மகள் எழுந்து வந்து, தனக்கு ஒன்றுமில்லை என்பதுபோலப் பள்ளிக்குக் கிளம்பினாள். பானையில் இருந்த முந்தாநாள் தண்ணீரையே அவள் பாட்டிலில் அண்ணி ஊற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அண்ணிக்கும் தெரியும்.

நானும் கூடப் போனேன், விழுந்தால் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே. கேட்டருகே வழக்கமான கூட்டம். அண்ணி குழாயைத் தொடவில்லை. “எனக்கு வயிறு சரியில்ல. சாப்பாடா தண்ணியா தெரியல. சோதனை முடிவு வர்ற வரைக்கும் வால்வைத் திறக்க மாட்டேன்” என்றாள்.

டிரைவர்தான் கேட்டார்: “அப்போ நேத்து சாயங்காலம் நாங்க குடிச்சது?”

அவ்வளவுதான், கூட்டம் பிய்த்துக்கொண்டது. ஒருத்தி அப்போதே வயிறு வலிப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஒருவர், “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நிலையத்தின் பொறியாளர் ஓடி வந்து அண்ணியை ஓரமாக இழுத்து, “ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிருக்கலாமே! இப்ப எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!” என்று பல்லைக் கடித்தார். அவரும் பயத்தில்தான் இருந்தார், பாவம்.

மதியம் முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம். முதல் நாள் மாலைத் தண்ணீரும் சுத்தம். புது மெம்பிரேனில் ஒரு குறையும் இல்லை. ஃபிரிட்ஜில் கிடந்த பழசுதான் வேலையைக் காட்டியிருந்தது. பலகையில் பெரிதாக எழுதினார்கள், ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணி வால்வைத் திறந்தாள். வீடுகளில் ஒருவரும் குழாயைத் திருப்பவில்லை. கேட்டுக்கு எதிரே கூட்டம் கூட்டமாக நின்று அண்ணியைப் பார்த்தார்கள். குடிக்க அவளுக்கு மனசிருந்தது, வயிறுதான் எச்சிலைக்கூட ஏற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பள்ளி விட்டு மகள் வந்தாள். வழக்கம்போல வெயிலில் ஓடி வந்து, வழக்கம்போல கேட்டருகே குழாயில் பாட்டிலைப் பிடித்து, அண்ணாந்தாள். அண்ணியின் கை பாய்ந்து நீண்டது. பாட்டிலைத் தட்டிவிடத்தான் போனாள். பாதியில் கை நின்றுவிட்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். குழந்தை மடக் மடக்கென்று பாட்டிலைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தை சுவரோரம் பந்தடித்தது. தெருவே நின்று அதைப் பார்த்தது. அது குனிந்தால் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். ஒரு தடவை இருமியது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. “அத்தை, ஏன் எல்லாரும் என்னையே பாக்கறாங்க?” என்று என்னிடம் வந்து கேட்டாள். “நீ நல்லா விளையாடறே, அதான்” என்றேன். அவள் இன்னும் உற்சாகமாக விளையாடினாள்.

பொழுது சாய்வதற்குள் ஒருவர் பின் ஒருவராகக் குடத்தோடு வந்தார்கள். பொறியாளருக்குப் பல்லெல்லாம் சிரிப்பு. அண்ணி மட்டும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். “என்னை வெச்சு நம்பினாங்க, அது என் வேலை. இன்னிக்கு என் பொண்ணை வெச்சுல்ல நம்பிட்டாங்க. நானும் சும்மா நின்னுட்டேனே” என்றாள். அவளைக் கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை அவளுக்கு வயிறு தேவலை. டம்ளரோடு கேட்டருகே நின்றாள். டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தேடினார்.

“பாப்பா வரலையா?” என்றார்.

பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணியின் முகம் மாறியதைப் பார்த்து நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் கத்தவில்லை.

“என் பொண்ணு வரமாட்டா. அப்படிக் குழந்தைதான் குடிக்கணும்னா உங்க பேரனைக் கூட்டிட்டு வாங்க.”

டிரைவரின் பேரனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். அவர் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, “குடும்மா இங்க” என்றார்.

அண்ணி டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல, ஒரே மூச்சில் குடித்தார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. அண்ணியும் நகத்தைக் கடித்துக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.