சின்னம்மாளின் நாற்றக் குறிப்பேடு

கடலூருக்குத் தெற்கே, ஆற்றங்கரை ஆலைகளை ஒட்டிய சிற்றூரில் வாழும் சின்னம்மாள் மீன் விற்பவர். ஒருமுறை முகர்ந்தாலே, மீன் எப்போது கரையேறியது என்று சொல்லிவிடுவார். திருப்பாதிரிப்புலியூரில் அவரிடம் வாங்கும் வீடுகளில் எவரும் மீனைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆலைக்காற்றின் நாற்றத்தை நாள்தோறும் எழுதிவைப்பதென்று எங்கள் மகளிர் குழு 2005இல் முடிவு செய்தபோது, அப்பொறுப்பை அவருக்கே கொடுத்தோம். "அழுகிய முட்டை, காலை ஐந்து மணி", "நகப்பூச்சு, மாலை" என்றெல்லாம் எழுதுவார். விடியற்காலையில் அவரைக் கேட்ட பிறகே ஊர்ப் பெண்கள் சன்னலைத் திறப்பார்கள்.

2008இன் நடுவில் குறிப்புகள் குறைந்தன. பின்னர் எட்டு மாதங்கள், பக்கந்தோறும் "நாற்றம் இல்லை" என்றே இருந்தது. சிதம்பரத்தில் ஆசிரியையாக இருந்துகொண்டு, மாதந்தோறும் சென்று ஏட்டை வாங்கிவந்தவள் நான். காற்று திருந்திவிட்டதென்று மகிழ்ந்து, படியெடுத்து அதிகாரிகளுக்கும் அனுப்பினேன். இலேசாக வருகிறதே என்று சிலர் சொன்னதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. சின்னம்மாளே இல்லை என்கிறாரே!

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, அவர் சொல்லை நம்பிச் சன்னல்கள் திறந்தன. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெயராணி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருமியபடி ஓடிவந்தார்.

"அக்கா, புள்ளைக்கு மூச்சு முட்டுது. நீ பாட்டுக்கு மீன் கழுவிக்கிட்டு இருக்கியே?"

"எனக்கு ஒண்ணும் வரலயே ராணி" என்றார் சின்னம்மாள். அவர் கண்களிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

ஒன்பது குழந்தைகளை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அனைவரும் பிழைத்தனர்.

மறுவாரம் அவரைச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் அவரைக் கண்களை மூடச் சொல்லி, காப்பித்தூளையும் கற்பூரத்தையும் கருவாட்டையும் ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார். மூன்றையும் எடுத்து வைத்த பிறகு சின்னம்மாள் கேட்டார்:

"எப்ப சார் காட்டுவீங்க?"

பல ஆண்டுகள் சுவாசித்த காற்றே மூக்கைச் சிறுகச் சிறுக மரத்துப்போகச் செய்திருக்கலாம் என்றும், இனி மணம் திரும்புவது அரிது என்றும் மருத்துவர் கூறினார்.

"டீச்சர், இது வெளிய தெரிஞ்சா எவ எங்கிட்ட மீனு வாங்குவா?" என்றார் திரும்பும் வழியில். எவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன்.

குழந்தைகளுக்கு மூச்சுமுட்டியது குறித்து அதிகாரிகள் பங்குனியில் விசாரணைக் கூட்டம் நடத்தினார்கள். ஆலைகளின் சார்பில் பேசியவர், நான் அனுப்பிய படிகளையே உயர்த்திக் காட்டி, காற்று தூய்மையாகிவிட்டதற்கு ஊராரின் எழுத்தே சான்று என்றார். வாக்கு என் வாயைக் கட்டியிருந்தது. பின்வரிசையிலிருந்து சின்னம்மாள் எழுந்தார். அவரிடம் மீன் வாங்குவோர் பலரும் அங்கே அமர்ந்திருந்தனர்.

"அத நம்பாதீங்க சார். காத்து ஒண்ணும் நல்லா ஆவல. என் மூக்குதான் செத்துப்போச்சு."

அதிகாரிகள் அந்தப் படிகளைச் சான்றாக ஏற்கவில்லை. அவ்வாரமே ஆறு வீடுகள் அவரிடம் மீன் வாங்குவதை நிறுத்தின. இந்த 2012இலும் எஞ்சிய வீடுகளுக்குக் கூடையோடு போய்வருகிறார். அவர் வீட்டு அடுப்பில் சோறு தீய்ந்தால், ஜெயராணிதான் ஓடிவந்து இறக்கிவைக்கிறார்.